வலிப்புக்கு எப்டாயின் மாத்திரை போடுகிறவர்கள் வீட்டில் யாருக்காவது இப்படி ஆனதா?

ஏற்காட்டான்:
அப்பாவுக்கு 14 வருஷமாக எப்டாயின், ராத்திரி 300 மில்லிகிராம். போன மார்கழியில் காப்பிப் பழம் பறிக்கிற இடத்தில் ஃபிட்ஸ் வந்துவிட்டது. கீழே சேலத்தில் காட்டினோம், 400 ஆக்கினார்கள். எதைக் கவனிக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

மூன்றாவது வாரம் ஒண்டிக்கடையில் பஸ்ஸை விட்டு இறங்கியவர் கம்பியை விடவே இல்லை. காலை அகட்டி அகட்டி வைக்கிறார், பேச்சு குழறுகிறது. "காலையிலேயே ஊத்திக்கிட்டு வந்துட்டியா பெருசு" என்றார் கண்டக்டர். அப்பா வாழ்நாளில் குடித்ததில்லை. அது தெரிந்தும் நான் கிட்டே போய் அவர் வாயை மோந்து பார்த்தேன். அப்பா என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

ரத்தத்தில் மருந்தின் லெவல் 34. 10-லிருந்து 20-க்குள் இருக்க வேண்டியது.

செவ்வாய்ப்பேட்டை அம்மா:
தம்பி, என் மகளுக்கும் அதே மாத்திரைதான். ஈறு வளர்ந்து முன்பல்லைப் பாதி மூடிவிட்டது. பத்தாம் வகுப்பு குரூப் போட்டோவில் எல்லாப் பிள்ளைகளும் சிரிக்கிறார்கள், இவள் மட்டும் உதட்டை இறுக்கிக்கொண்டு நிற்கிறாள். ஒழுங்காகப் பல் விளக்கவில்லை என்று அவளை அடித்திருக்கிறேன். மாத்திரைதான் காரணம் என்று அப்போது தெரியாது. நரம்பு டாக்டர் மெல்ல வேறு மாத்திரைக்கு மாற்றிய பிறகுதான் ஈறு குறைந்தது. என்னைக் கேட்டால் இந்த மாத்திரையையே நிறுத்த வேண்டும்.

கொலுசுப் பட்டறை:
அக்கா, பொதுவில் அப்படி எழுதாதீங்க. என் தம்பிக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த நேரம். தூக்கமாக வருகிறது என்று ஒரே நாளில் மாத்திரையை விட்டுவிட்டான். நாலாம் நாள் பட்டறையில் நெருப்புக்குப் பக்கத்தில் விழுந்தான். ஒரு ஃபிட்ஸ் முடிவதற்குள் அடுத்தது. யாரோ அவன் கையில் சாவிக்கொத்தைத் திணித்தார்கள். சாவி ஒன்றும் செய்யாது. ஒருக்களித்துப் படுக்க வைத்து மணியைப் பாருங்கள், 5 நிமிஷம் தாண்டினால் 108. அவன் பிழைத்தான், முழங்கையில் தீக்காயம் இருக்கிறது.

செவ்வாய்ப்பேட்டை அம்மா:
"மெல்ல மாற்றிய பிறகு" என்றுதானே எழுதினேன்? முழுதாகப் படிங்க. ஒரே நாளில் விடச் சொல்ல எனக்கென்ன பைத்தியமா?

அஸ்தம்பட்டி ரவுண்டானா:
என் அக்கா மகனுக்கு லேமோட்ரிஜின் என்ற வேறொரு வலிப்பு மாத்திரை ஆரம்பித்து 11-ம் நாள் மார்பில் சிவப்புத் தடிப்பு, காய்ச்சல், உதட்டில் புண். அம்மை என்று வேப்பிலை கட்டிவிட்டார்கள். ஒரு நாள் வீணாகப் போனது.

ஏற்காட்டுத் தம்பி, இது எல்லாருக்கும் தெரிய வேண்டும். எப்டாயினை கல்லீரல் ஓரளவுக்குத்தான் வெளியேற்றும். அந்த எல்லை வந்துவிட்டால் கொஞ்சம் கூட்டினாலும் லெவல் எகிறிவிடும். உங்கள் அப்பாவுக்கு நடந்தது அதுதான். டிபி மாத்திரையில் ஐசோநயாசிட் சேர்ந்தாலும் லெவல் ஏறும், அதனால் எந்த டாக்டரிடம் போனாலும் பழைய சீட்டைக் காட்டுங்கள். மற்ற வலிப்பு மாத்திரைகளில், வேல்ப்ரோயேட் என்றால் கல்லீரல் டெஸ்ட், ரத்தத்தில் பிளேட்லெட் பார்க்கணும். ஓயாத வாந்தியும் அசதியும் வந்தால் அன்றைக்கே ஓடணும். கர்ப்பத்தில் அது பிள்ளையைப் பாதிக்கும், ஆகவே கல்யாணத்துக்கு முன்பே டாக்டரிடம் பேசிவிடுங்கள். கார்பமாசெபின் போடும் வயசானவர்கள் திடீரென்று குழம்பினால் ரத்தத்தில் சோடியம் பார்க்கச் சொல்லுங்கள். லேமோட்ரிஜினோடு வேல்ப்ரோயேட் சேர்ந்தால் லேமோட்ரிஜினை இன்னும் நிதானமாக ஏற்ற வேண்டும். முதல் இரண்டு மாதம் தோலைத் தினமும் பாருங்கள், தடிப்பு வந்தால் அன்றைக்கே டாக்டர். லெவெடிரசெட்டாம் போடும் பிள்ளை எரிந்து விழுந்தால் திமிர் என்று நினைக்காதீங்க, அதுவும் மருந்தின் வேலையாக இருக்கலாம். ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வையுங்கள்.

கொலுசுப் பட்டறை:
அண்ணா, பையன் என்ன ஆனான்? அதைச் சொல்லவே இல்லையே.

அஸ்தம்பட்டி ரவுண்டானா:
அந்த மாத்திரையை உடனே நிறுத்தி வேறு மருந்து கொடுத்தார்கள். 19 நாள் ஆஸ்பத்திரி. கண் தப்பித்தது.

ஏற்காட்டான்:
அண்ணா, நோட்டு போட்டுவிட்டேன். டாக்டர் குறைத்து இப்போது 350, லெவல் 17. நடை சரியாகிவிட்டது. அந்தக் கண்டக்டர் இன்னும் அதே காலை பஸ்ஸில்தான் வருகிறார். அப்பா அதில் ஏறுவதில்லை, அடுத்த பஸ்ஸுக்கு நிற்கிறார். அப்பாவிடம் நான் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை.