ரைஸ் மில் ஆபீசின் 11 மெயில் ஐடி: பழசு எதுவும் தொலையாமல் புது சர்வருக்கு மாற்றுவது எப்படி?

நீடாமங்கலம்_கணக்கு:
வணக்கம். நீடாமங்கலம் பக்கத்தில் ஒரு ரைஸ் மில்லில் கணக்கு பார்க்கிறேன். மொத்தம் 11 மெயில் ஐடி. போன வாரம் ரெண்டு நாள் மெயிலே வரவில்லை. பாலக்காட்டு வியாபாரி போன் போட்டு, "ஆர்டர் அனுப்பி ரெண்டு நாளாச்சே, லோடு ஏத்தலையா?" என்று கேட்ட பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது. வேறு சர்வருக்கு மாற்றச் சொல்லிவிட்டார் முதலாளி. குறுவை நெல் வரத் தொடங்கிவிட்டது, இனி ஒரு நாள்கூட மெயில் நிற்கக் கூடாது.

என் பயமெல்லாம் பழைய மெயிலைப் பற்றித்தான். ரிட்டயர் ஆன எங்கள் மூத்த கணக்கர் ஐயா, 2013லிருந்து வந்த மெயில் அத்தனையையும் வியாபாரி வாரியாகப் பிரித்து வைத்திருக்கிறார். எடைக் குறைச்சல், ஈரப்பதம் என்று எந்தத் தகராறு வந்தாலும் அதைத்தான் திறப்போம். புது ஆள் "எம்எக்ஸ் ரெக்கார்டை மாத்தினா போதும், அரை மணி நேர வேலை" என்கிறார். நம்பி இறங்கலாமா?

குடந்தை_நெட்வொர்க்:
இறங்காதீங்க மேடம். எம்எக்ஸ் என்பது நம் டொமைனுக்கு வரும் மெயில் எந்த சர்வருக்குப் போகணும் என்ற குறிப்புதான். அதை மாற்றினால் இனிமேல் வரும் மெயில்தான் புது சர்வருக்குப் போகும். பழசு இருந்த இடத்திலேயே கிடக்கும். முதலில் ஐயாவின் அவுட்லுக் செட்டிங்ஸில் இன்கமிங் போர்ட் நம்பரைப் பாருங்க. 110, 995 என்றால் பாப்3, அதாவது மெயிலை கம்ப்யூட்டருக்கு இறக்கிக்கொள்ளும் முறை. 143, 993 என்றால் ஐமேப், மெயில் சர்வரிலேயே இருக்கும்.

நீடாமங்கலம்_கணக்கு:
110 சார். சர்வரில் காப்பி வைக்கச் சொல்லும் இடத்தில் டிக்கும் இல்லை. வெப்மெயிலில் போய்ப் பார்த்தால் ஆறே ஆறு மெயில். வயிறு கலங்கிவிட்டது. அத்தனை வருஷத்து மெயிலும் அந்த ஒரே கம்ப்யூட்டரில்தான் இருக்கிறது. நேற்று மட்டும் ரெண்டு தடவை கரண்ட் போனது, யூபிஎஸ் அஞ்சு நிமிஷம்கூடத் தாங்கவில்லை.

குடந்தை_நெட்வொர்க்:
அப்போ இன்றைக்கே அவுட்லுக்கை மூடிட்டு, மெயிலெல்லாம் இருக்கும் பிஎஸ்டி ஃபைலை ரெண்டு டிஸ்கில் காப்பி எடுங்க. ஒன்று ஆபீசில் இருக்கட்டும், இன்னொன்று முதலாளி வீட்டில். அதுவரை வேறெதையும் தொடாதீங்க.

அப்புறம் புது ஐடியை ஐமேப்பாக அதே அவுட்லுக்கில் சேர்த்து, ஃபோல்டர் ஃபோல்டராக காப்பி பண்ணுங்க. மூவ் பண்ணாதீங்க, நடுவில் நெட் அறுந்தால் எது போச்சு எது நின்றது என்றே தெரியாது. மற்ற ஐடிகளில் மெயில் சர்வரிலேயே இருந்தால் ஐமேப்சிங்க் என்ற மெயில் காப்பி எடுக்கும் புரோகிராம் போதும், திரும்ப ஓட்டினாலும் போன மெயிலை மறுபடி ஏற்றாது.

எம்எக்ஸ் கடைசியில்தான். மாற்றுவதற்கு முந்தின நாளே டிடிஎல்லை (மற்ற சர்வர்கள் பழைய எம்எக்ஸை நினைவில் வைத்திருக்கும் நேரம்) 300 வினாடிக்கு இறக்கிடுங்க. மாற்றிய பிறகும் பழைய பெட்டியை ஒரு வாரமாவது மூட வேண்டாம். சில சர்வர் இன்னும் அங்கேயே கொண்டுபோய்ப் போடும்.

வெட்டாற்றங்கரை:
அம்மா, மில் என்பதால் கேட்கிறேன். எடைமேடை கம்ப்யூட்டர் சிலிப்பை மெயிலில் அனுப்புதா? எங்கள் மில்லில் மாற்றினபோது அதை மறந்துட்டோம். மூணு நாள் பழைய பாஸ்வேர்டோடு முட்டிக்கிட்டு இருந்தது, ஒரு சிலிப்கூடப் போகலை. ஸ்கேனரையும் பார்த்துடுங்க. புது சர்வருக்காக இன்னொரு எஸ்பிஎஃப் (எந்த சர்வர் நம் பேரில் மெயில் அனுப்பலாம் என்ற குறிப்பு) சேர்த்துடாதீங்க. ஒரு டொமைனுக்கு ஒன்றுதான் இருக்கணும், இருக்கிறதையே திருத்துங்க. டிகேஐஎம்மும் (மெயில் நம்மிடமிருந்துதான் வந்தது என்று காட்டும் டிஜிட்டல் கையெழுத்து) போடச் சொல்லுங்க, இல்லேன்னா ஜிமெயில்காரங்களுக்குப் போகிறது ஸ்பாமில் விழலாம்.

நீடாமங்கலம்_கணக்கு:
சனிக்கிழமை ராத்திரி மாற்றினோம். எடைமேடையைச் சொன்னதற்குக் கோடி நன்றி அண்ணே, அதில் பழைய பாஸ்வேர்டுதான் இருந்தது. பாலக்காடு ஃபோல்டரில் 2,318 மெயில், புது சர்வரிலும் 2,318. ஐயாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "திருச்சூரையும் எண்ணிப் பார்த்தியாம்மா?" என்றார். அதைத்தான் இப்போது எண்ணிக்கொண்டிருக்கிறேன்.