ஃப்யூச்சர்பாப், இண்டஸ்ட்ரியல்: புது ஆல்பங்கள் தேட உதவி வேணும்

மட்டக்களப்பு, கல்முனைப் பக்கம் ஃப்யூச்சர்பாப் (மெலடியான மின்னணு நடன இசை), இண்டஸ்ட்ரியல் (இயந்திர ஓசை கலந்த கடுமையான மின்னணு இசை) கேட்கிற ஆட்கள் இருந்தால் சொல்லுங்க. விஎன்வி நேஷன் குழுவின் ‘எம்பயர்ஸ்’ (1999), கொவெனன்ட் குழுவின் ‘யுனைடெட் ஸ்டேட்ஸ் ஆஃப் மைண்ட்’ (2000) வழியில் வந்த புது ஆல்பங்கள்தான் தேவை. மெலடியும் தெளிவான குரலும் முக்கியம். குரலைச் சிதைத்துக் கத்துகிற அக்ரோடெக் வகை வேணாம்.

இசை விற்கிற பேண்ட்கேம்ப் தளத்தில் ‘இண்டஸ்ட்ரியல்’ டேக்கை மட்டும் போட்டால் டெக்னோ, நாய்ஸ், மெட்டல் எல்லாம் கலந்து வரும். ‘ஃப்யூச்சர்பாப்’, ‘இபிஎம்’ (எலக்ட்ரானிக் பாடி மியூசிக்) டேக்குகளில் புதியதை முதலில் வரிசைப்படுத்தினால் ஓரளவு தேறும். அதைவிட, பிடித்த ஆல்பத்தை வாங்கியவர்களின் சேகரிப்பைத் திறந்து பார்ப்பது அருமையான வழி. ஸ்ட்ரீமிங் பரிந்துரைகள் பழைய ஹிட்டுகளையே சுற்றும்.

டிபென்டன்ட், அவுட் ஆஃப் லைன், மெட்ரோபோலிஸ், ஆல்ஃபா மேட்ரிக்ஸ் தவிர வேறு எந்த லேபிள்களை (இசை வெளியீட்டு நிறுவனங்களை) பின்தொடர்கிறீங்க? ஆல்பத்தோடு, முதலில் கேட்க வேண்டிய ஒரு பாட்டையும் எழுதுங்க. 50 நிமிட ஆல்பம் 320 கேபிபிஎஸ் எம்பி3 என்றாலே 120 எம்பி வரும், ஃப்ளாக் (தரம் குறையாத ஒலிக்கோப்பு) அதைப்போல இரண்டு மூன்று மடங்கு. டேட்டா பார்த்துத்தான் இறக்கணும். உள்ளூர் டெபிட் கார்ட்டில் பேண்ட்கேம்புக்குப் பணம் கட்டியவர்கள், வங்கியில் எதைச் செயற்படுத்தச் சொன்னீங்க என்றும் சொல்லுங்க.