தாலியம் ஸ்கேன் நார்மல் என்றால் நிம்மதியாகத் தூங்கலாமா?

மஞ்சக்குப்பத்தான்:
அப்பாவுக்கு 63 வயது. 14 வருடமாகச் சர்க்கரை. கடலூர் சில்வர் பீச் மணலில் நடந்தால் நெஞ்சை அழுத்துகிறது, நின்றால் விட்டுவிடுகிறது. முட்டிவலியால் டிரெட்மில் முடியாது. டாக்டர் தாலியம் ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார். சித்தப்பாவோ, "அதெல்லாம் சுத்து வழி, நேரே ஆஞ்சியோ பண்ணு" என்கிறார். இனி அட்டாக் வருமா என்று அந்த ஸ்கேன் சொல்லுமா?

கெடிலக்கரை:
ஸ்கேன் அறையில் பல வருடம் வேலை பார்த்தவன் நான். பெயர்தான் தாலியம், இப்போது ஏற்றுவது பெரும்பாலும் டெக்னீசியம் என்ற கதிரியக்க மருந்து. தாலியத்தின் அரை ஆயுள், அதாவது கதிர்வீச்சு பாதியாகக் குறையும் நேரம், 73 மணி நேரம், இதற்கு 6 மணி நேரம்தான். ரத்தம் போகும் இடத்துக்கெல்லாம் மருந்தும் போகும், காமா கேமரா அதைப் படம் பிடிக்கும். குறுக்குவெட்டில் இதயம் மெதுவடை மாதிரி இருக்கும். இதயத்துக்கு வேலை கொடுக்கும்போது வடையில் ஒரு பக்கம் மங்கி, ஓய்வில் நிறைந்தால் அங்கே ரத்த ஓட்டம் பற்றவில்லை. இரண்டிலும் மங்கினால் பழைய தழும்பு. எங்குமே மங்கவில்லை என்றால், அடுத்த ஒரு வருடத்தில் அட்டாக்கோ இதயச் சாவோ வருவது பொதுவாக 100 பேரில் ஒருவருக்கும் குறைவு. தாராளமாக எடுங்கள்.

உப்பளம் ஓரம்:
கெடிலக்கரை சார், மங்கியிருந்தால்? இதயத் தசையில் 10 சதவீதத்துக்கு மேல் மங்கினால் ஸ்டென்ட் என்பீர்கள். அந்தக் கணக்கு 2003ல் 10,627 பேரை வைத்துப் போட்டது. யாருக்கு என்ன சிகிச்சை என்பதை டாக்டர்கள் முடிவு செய்த பிறகு பார்த்த கணக்கு. குலுக்கல் முறையில் பிரித்துப் பார்த்தது 2020ல் வெளியான இஸ்கீமியா ஆய்வு. 5,179 பேர். அடைப்பை நீக்கியவர்களுக்கும் மாத்திரையோடு இருந்தவர்களுக்கும் சாவு எண்ணிக்கையில் வித்தியாசம் இல்லை. அடுத்த வருடம் அதே ஆட்களை அலசியபோது, ரத்த ஓட்டக் குறைவின் அளவு சாவை முன்கூட்டிச் சொல்லவில்லை. சி.டி. ஸ்கேனில் தெரிந்த அடைப்புகள்தான் சொல்லின.

கெடிலக்கரை:
அந்த ஆய்வில் ரத்த ஓட்டம் நன்றாக இருக்கிற ஆளே அநேகமாகக் கிடையாதே தம்பி! குறைந்தவர்களை மட்டும் பொறுக்கிச் சேர்த்துவிட்டு, குறைவு எதையும் சொல்லவில்லை என்றால் எப்படி? இடது பிரதானக் குழாயில் பெரிய அடைப்பு இருந்தவர்களையும் முதலிலேயே கழித்துவிட்டார்கள். சேர்ந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் இந்த ஸ்கேன், மற்றவர்களுக்கு வேறு சோதனைகள்.

முத்தியால்பேட்டைக்காரி:
எனக்கு ஆய்வெல்லாம் தெரியாது. எங்கள் அம்மாவுக்கு ஒரு மருத்துவமனையில் ஸ்கேன் நார்மல் என்று எழுதிக் கொடுத்தார்கள். கோயிலுக்குப் போய் தேங்காய் உடைத்தோம். நாலாவது மாதம் ஆஞ்சியோவில் மூன்று குழாயிலும் அடைப்பு, பைபாஸ்.

கெடிலக்கரை:
அக்கா, அது இந்த ஸ்கேனின் உண்மையான குறைதான், ஒத்துக்கொள்கிறேன். ஒரு பக்கத்தை இன்னொரு பக்கத்தோடு ஒப்பிட்டுத்தான் படம் பார்க்கிறோம். வடை முழுக்க ஒரே மாதிரி மங்கினால் மங்கியதே தெரியாமல் போகலாம். பெட் என்ற இன்னொரு வகை ஸ்கேனில் ரத்த ஓட்டத்தை அளவாகவே கணக்கிட முடியும், ஆனால் எல்லா ஊரிலும் கிடைக்காது. சர்க்கரை உள்ளவர்கள், மஞ்சக்குப்பத்தார் அப்பா மாதிரி ஓட முடியாதவர்கள், இவர்களுக்கு நார்மல் வந்தாலும் ஆபத்து மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதல்தான். இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

உப்பளம் ஓரம்:
அதைத்தான் நானும் சொல்ல வந்தேன். ரத்தத்தைத் தடுக்காத சின்னக் கொழுப்புப் படிவு கூட வெடித்து அட்டாக் வரும். ஸ்காட்லாந்தில் 4,146 பேரில் பாதிப் பேருக்கு சி.டி.யும் சேர்த்து எடுத்தார்கள். 5 வருடத்தில் அட்டாக்கோ இதயச் சாவோ அவர்களில் 2.3 சதவீதம், மற்றவர்களில் 3.9. காரணம் கூடுதல் ஸ்டென்ட் இல்லை, படிவைப் பார்த்ததும் ஸ்டாட்டின் என்ற கொழுப்பைக் குறைக்கும் மாத்திரையைத் தொடங்கியதுதான். சி.டி. எடுங்கள் தம்பி.

மஞ்சக்குப்பத்தான்:
ஒன்று சொல்ல விட்டுப்போச்சு. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் 1.9, அதிகம்தான்.

உப்பளம் ஓரம்:
இதை இப்போதுதான் சொல்கிறீர்களா! சி.டி.க்கும் ஆஞ்சியோவுக்கும் ஏற்றும் சாயம் சிறுநீரகத்துக்கு ஆகாமல் போகலாம். சரி, ஸ்கேனையே எடுங்கள். நார்மல் என்று வந்தாலும் ஸ்டாட்டினை மட்டும் நிறுத்த விடாதீர்கள்.

கெடிலக்கரை:
புதுச்சேரி கோரிமேடு ஜிப்மர் மருத்துவமனையில் அணு மருத்துவத் துறை இருக்கிறது, விசாரியுங்கள். ஓட முடியாதவர்களுக்கு அடினோசின் மாதிரி மருந்து கொடுத்துத்தான் எடுப்பார்கள். காஃபின் அதன் வேலையைக் கெடுத்துவிடும். அதனால் 24 மணி நேரம் டீ, காபி கூடாது. ஆஸ்துமா இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மஞ்சக்குப்பத்தான்:
ஆஸ்துமா இல்லை சார். எல்லாவற்றையும் அப்பாவிடம் படித்துக் காட்டினேன். 10 சதவீதம், படிவு, எதற்கும் அசரவில்லை. டீ கூடாது என்றதும், "அப்போ சித்தப்பா சொல்றதுதான் சரி" என்கிறார்.