19ஆம் நூற்றாண்டு பேஸ்பால் வீரர்கள்: கை நிறையச் சம்பளம் இருந்தும் சங்கம் எதற்கு?

கேள்வி:
1869இல் சின்சினாட்டி ரெட் ஸ்டாக்கிங்ஸ் அணி தன் வீரர்கள் அனைவருக்கும் வெளிப்படையாகச் சம்பளம் வழங்கியது என்றும், அவர்களுள் ஜார்ஜ் ரைட் ஒரு பருவத்துக்கு 1,400 டாலர் பெற்றார் என்றும் படித்தேன். அக்கால அமெரிக்க ஆலைத் தொழிலாளி ஆண்டு முழுவதும் உழைத்தாலும் 500 டாலரை எட்டுவது அரிது. அப்படியிருக்க, அடுத்த தலைமுறை வீரர்கள் 1885இல் சங்கம் அமைத்ததும், 1890இல் முதலாளிகளை விட்டு விலகித் தனி லீக் நடத்தியதும் ஏன்?

மறுமொழி 1:
சம்பளத்தைவிட முக்கியமான காரணம் ‘ரிசர்வ்’ விதி. 1879இல், அன்றைய முதன்மைத் தொழில்முறைப் போட்டித் தொடரான நேஷனல் லீக்கின் அணி முதலாளிகள், அணிக்கு ஐந்து வீரர்களைத் தமக்கென நிறுத்திவைத்துக்கொள்ளலாம், அவர்களை வேறு எந்த அணியும் அழைக்கக் கூடாது என்று தமக்குள் உடன்பாடு செய்துகொண்டனர். 1887க்குள் அந்த எண்ணிக்கை 14 ஆயிற்று, அதாவது ஏறத்தாழ முழு அணியும் அதற்குள் அடங்கிவிட்டது. காகிதத்தில் ஓராண்டு ஒப்பந்தம்தான் என்றாலும், முதலாளி விடுவிக்கும்வரை வீரர் வேறெங்கும் போக முடியாது. முதலாளியோ அவரை விற்கலாம், வேண்டாமென்றால் கழற்றியும் விடலாம். 1887இல் சிகாகோ அணி, மக்களின் செல்லப்பிள்ளையாக இருந்த மைக் கெல்லியை 10,000 டாலருக்குப் பாஸ்டனுக்கு விற்றது. அந்தத் தொகை போய்ச் சேர்ந்தது அணியின் கல்லாவுக்கு. சம்பள உச்சவரம்பு 2,000 டாலர் என்பதால், கெல்லியின் படத்தைப் பயன்படுத்தும் உரிமைக்கென்று பாஸ்டன் அணி தனியே 3,000 டாலர் கொடுத்தது. தாம் போட்ட வரம்பைத் தாமே சுற்றிக்கொண்டு போனவர்கள், சாதாரண வீரருக்கு மட்டும் அதைக் கறாராகக் காட்டினார்கள்.

மறுமொழி 2:
உடல் பட்ட பாட்டையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 1870களில் பெரும்பாலோர் வெறுங்கையால்தான் பந்தைப் பிடித்தனர். கையுறை அணிந்தவரைக் கோழை என்று கேலி செய்தார்கள். 1884இல் பிராவிடன்ஸ் அணியின் இன்னொரு முக்கியப் பந்தெறியாளர் இடையில் விலகிவிட, சார்லஸ் ராட்போர்ன் ஏறக்குறைய தனி ஆளாக அந்தப் பருவத்தை இழுத்துச் சென்றார். தொடங்கிய 73 ஆட்டங்களையும் முடிவுவரை அவரே எறிந்தார். மொத்தம் 678 இன்னிங்ஸ் (பேஸ்பாலில் ஓர் ஆட்டத்துக்கு வழக்கமாக ஒன்பது)! தலை வாரக்கூடக் கை எழவில்லை என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். ஓய்வுக்குப் பின் இல்லினாய் மாநிலத்தின் புளூமிங்டனில் மதுக்கடை நடத்தினார், வேட்டையில் நேர்ந்த விபத்தில் ஒரு கண்ணை இழந்தார், 1897இல் 42 வயதில் இறந்தார். ஓய்வூதியம் என்ற பேச்சே அன்று இல்லை. போதாக்குறைக்கு, 1877 முதல் நேஷனல் லீக், சீருடைக்கு 30 டாலரையும் வெளியூர்ப் பயணச் சாப்பாட்டுக்கு நாளொன்றுக்கு 50 சென்ட்டையும் வீரர்களிடமிருந்தே பிடித்தது.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. விதி 1879இலேயே வந்துவிட்டதென்றால், பிளவு 1890வரை தள்ளிப்போனது ஏன்?

மறுமொழி 3:
சங்கத் தலைவர் ஜான் மான்ட்கோமரி வார்ட் ஆட்டக்காரராக இருந்துகொண்டே கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தவர். முதலில் பேசித் தீர்க்கத்தான் முயன்றார். 1888இன் இறுதியில், சிகாகோ அணியின் தலைவர் ஸ்பால்டிங் இரண்டு அணிகளைக் கூட்டிக்கொண்டு உலகப் பயணம் புறப்பட்டார். வார்டும் அதில் இருந்தார். அவர் ஊரில் இல்லாத நேரம் பார்த்து, வீரர்களை ஐந்து தரமாகப் பிரித்து, 1,500 முதல் 2,500 டாலருக்குள் சம்பளத்தை முடக்கும் திட்டத்தை முதலாளிகள் நிறைவேற்றினார்கள். ஆட்டத்தோடு நடத்தையும் தரத்தை முடிவு செய்யும் என்பதுதான் அதில் உறுத்தலான பகுதி. (1889 ஜனவரியில் அவ்வணிகள் கொழும்பிலும் ஓர் ஆட்டம் ஆடின என்பதை இலங்கை நண்பர்களுக்காகக் குறிப்பிடுகிறேன்.) வார்ட் திரும்பி வந்தபின்பும் பேச்சுக்கு முதலாளிகள் இணங்காததால், முன்னணி வீரர்களில் பலர் 1890இல் பிளேயர்ஸ் லீக் என்ற தங்கள் தனி லீக்குக்குச் சென்றார்கள். அது ஒரே பருவத்தில் முடிந்தது: பணம் போட்டவர்கள் நட்டத்துக்கு அஞ்சி, வீரர்களை நடுவழியில் விட்டுவிட்டு, நேஷனல் லீக்கோடு சமரசம் செய்துகொண்டார்கள். ரிசர்வ் விதியின் பிடி 1975இல்தான் தளர்ந்தது.

மறுமொழி 4:
ஒன்றைச் சேர்க்க வேண்டும். இந்த உரிமைப் போராட்டம் வெள்ளையர்களுக்கு மட்டுமானது. 1884இல் டொலிடோ அணியின் கேட்சராக (எறியப்படும் பந்தை மட்டையாளருக்குப் பின்னால் நின்று பிடிப்பவராக) ஆடிய மோசஸ் ஃபிளீட்வுட் வாக்கர் கறுப்பினத்தவர். 1887 ஜூலையில் இன்டர்நேஷனல் லீக் என்ற இரண்டாம் நிலை லீக், கறுப்பின வீரர்களுடன் இனிப் புதிய ஒப்பந்தம் செய்வதில்லை என முடிவெடுத்தது. அவரைப் போன்றவர்களுக்கு விற்கப்படும் வாய்ப்புக்கூட இல்லாமல் போயிற்று.