136 கேட்டிருந்தால் தங்கமாம்! வியாபாரிகளுக்கு இப்படியா பளுதூக்கல் பாடம் எடுப்பது?

தூக்குமேடை:
கொழும்பில் நடந்த ஒரு தொழில்முனைவோர் கருத்தரங்கின் பேச்சு எல்லா வட்ஸ்அப் குழுக்களிலும் சுற்றுகிறது. பேச்சாளர் சொன்னது இதுதான். 2022 பேர்மிங்ஹாம் பொதுநலவாய விளையாட்டில், 55 கிலோ பிரிவில், இந்தியாவின் சங்கேத் சர்கர் மொத்தம் 248 தூக்கி வெள்ளி எடுத்தார். மலேசியாவின் அனிக் காஸ்டன் 249 தூக்கித் தங்கம் எடுத்தார். சங்கேத் 135 தூக்கிவிட்டு 139 கேட்டது பேராசை, 136 கேட்டிருந்தால் தங்கம். ஆகவே வியாபாரிகள் எப்போதும் சின்ன அடிதான் வைக்க வேண்டும்.

கேட்கவே எரிச்சலாக இருக்கிறது. பளுதூக்கலில் இரண்டு தூக்கு: ஒரே வீச்சில் தலைக்கு மேல் கொண்டுபோகும் ஸ்நட்ச், தோளில் நிறுத்திப் பிறகு மேலே தள்ளும் கிளீன் அன்ட் ஜேர்க். ஒவ்வொன்றிலும் மூன்று முயற்சி, இரண்டின் சிறந்த எடையையும் கூட்டினால் மொத்தம். ஸ்நட்ச்சில் சங்கேத் 113, அனிக் 107. ஜேர்க்கில் சங்கேத் 135, அனிக் 142. கம்பியில் எடை ஏறுமே தவிர இறங்காது. குறைந்த எடை கேட்டவர் முதலில் தூக்குவார், கூடக் கேட்டவர் பிறகு வருவார். சங்கேத் 136 தூக்கியிருந்தால் மொத்தம் 249. மொத்தம் சமமானால் முதலில் அதை எட்டியவருக்கே முன்னிடம். அப்போது அனிக் 142 கேட்டிருக்க மாட்டார், 143 கேட்டிருப்பார். சங்கேத் 139 தூக்கியிருந்தால் மொத்தம் 252, அனிக்குக்கு 146 வேண்டும். அவர் கேட்ட 139 எதிராளியை 146க்குத் தள்ளும் கணக்கு. இதைப் பேராசை என்று மேடையேறிச் சொல்லுகிறவர், வியாபாரத்தில் எதிர்க்கடைக்காரனும் யோசிப்பான் என்பதை மறந்தவர்.

வெள்ளவத்தை ஆலோசகர்:
விதிப் புத்தகம் முழுக்க ஒப்புவித்தாலும் பலகையில் இருந்தது 248, 249. ஒரு கிலோவால் தங்கம் போனது, அவர் கேட்டதோ நாலு கிலோ கூட. அந்த 139இல்தான் வலது முழங்கை காயப்பட்டது. பேச்சாளர் சொன்னதில் பிழை இல்லை. காலி வீதியில் ஒரு கடை நன்றாக ஓடினவுடன் தெகிவளையிலும் பம்பலப்பிட்டியிலும் ஒரே மாதத்தில் கிளை திறந்து, இரண்டு வருட வாடகை முற்பணம் கட்டி, முதற்கடைச் சரக்குக்குக் காசில்லாமல் நிற்கிறவர்களுக்குத்தான் அந்தப் பாடம். 136. அவ்வளவுதான்.

தூக்குமேடை:
135க்கு மேல் நாலு கிலோ என்றால் 3 வீதம்கூட இல்லை. முதல் முயற்சிக்கும் இரண்டாவதுக்கும் இடையில் 3 வீத ஏற்றம் இந்த விளையாட்டில் அன்றாடம் நடப்பது. "136 என்றால் முழங்கை தாங்கியிருக்கும்" என்பதற்கு என்ன ஆதாரம்? ஜேர்க்கில் கம்பியைத் தலைக்கு மேல் பூட்டும் நொடியில் அது கொஞ்சம் பின்னால் போனால், எடை என்னவாக இருந்தாலும் முழங்கைதான் சுமக்கும்.

பேச்சாளர் விட்டுவிட்ட விதி இன்னொன்று. 139 தவறியபின் 136 கேட்கவே முடியாது. தவறின எடையையோ அதற்கு மேலோதான் கேட்கலாம். அதனால்தான் காயத்தோடும் மூன்றாம் முறை அதே 139க்கு வந்தார். வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்த பிறகு வாடகையைக் குறைக்கச் சொல்ல முடியாது அல்லவா, அங்கேதான் உண்மையான பாடம் இருக்கிறது: திரும்பி வர வழியில்லாத முடிவு எது, வழியுள்ளது எது என்று முதலே பிரித்து வை.

புறக்கோட்டை நானா:
தூக்குமேடை சொல்றது சரி. எதிர்க்கடைக்காரன் கைகட்டிட்டு நிக்க மாட்டான். 100 ரூபாக்கு விக்கிற சாமான்ல 20 ரூபா லாபம் எண்டு வைங்க. விலைய 5 ரூபா இறக்கினா லாபம் 15. முந்தி கிடைச்ச அதே லாபத்துக்கு மூணுல ஒரு பங்கு கூட விக்கணும், 300 போன இடத்துல 400 போகணும். பக்கத்துக் கடையும் அடுத்த நாளே 5 ரூபா இறக்கினா அந்த 100 வராது. ரெண்டு பேருக்கும் லாபம் காவாசி போச்சு. 136 கேட்டா மத்தவன் 143 கேப்பான் எண்டது இதுதான். இறக்கிற ஆள் மத்தவனால இறக்க ஏலாத இடத்துல இறக்கணும். அவனுக்கு 60 நாள் கடனுக்குச் சாமான் வருது, உங்களுக்கு 30 நாள் எண்டா அந்த விளையாட்டுக்கே போக வேணாம்.

வெள்ளவத்தை ஆலோசகர்:
நானா, விலைக் கணக்கு அருமை. ஆனால் நான் கேட்டதற்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை. 142 தூக்கின அனிக் 143 தூக்கியிருப்பார் என்று யார் உத்தரவாதம் தந்தது? ஒரு கிலோ கூடினாலும் தவறலாம். சங்கேத் 136 தூக்கியிருந்தால் அவர் 143 தூக்கியாக வேண்டும். தூக்காவிட்டால் இந்தியாவுக்குத் தங்கம். அப்படியானால் பேச்சாளர் சொன்னது சரிதானே?

தூக்குமேடை:
அப்படியானால் 146 தூக்கியிருப்பார் என்று யார் உத்தரவாதம் தந்தது? 143க்கே தடுமாறுவார் என்கிறீர்கள், 146க்குத் தடுமாற மாட்டாரா? உங்கள் வாதமே 139க்குத்தான் துணை போகிறது.

வெள்ளவத்தை ஆலோசகர்:
அவர் 139 தூக்கவில்லை ஐயா. தூக்காத எடையை வைத்து எதிராளியைத் தள்ள முடியாது.

கொட்டாஞ்சேனைத் தம்பி:
இரண்டு பேரும் இந்தியா, மலேசியா என்றே அடிபடுகிறீர்கள். அதே பிரிவில், அதே மேடையில், எங்கள் டிலங்க இசுரு குமார 105ம் 120ம் தூக்கி, 225 மொத்தத்தோடு வெண்கலம் எடுத்தார். இலங்கை அப்போது எரிபொருள் வரிசையில் நின்ற நேரம். அந்த நாட்களில் கடையை மூடாமல் வைத்திருந்தவர்களுக்குச் சொல்ல வேண்டிய பாடம் அதுதான். ஒருவருக்கும் அவருடைய பெயர் வாயில் வரவில்லை.

பவர்லிஃப்டர் 93:
தம்பி சொன்னதை வரவேற்கிறேன். ஆனால் நீங்கள் எல்லோரும் இரண்டாம் முயற்சியைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள். கடைக்காரருக்கு முக்கியம் முதல் முயற்சி. எங்கள் பவர்லிஃப்டிங்கில் ஸ்குவாட் (தோளில் கம்பியோடு குந்தி எழும்புவது), பெஞ்ச் (படுத்தபடி மேலே தள்ளுவது), டெட்லிஃப்ட் (தரையிலிருந்து இழுத்து நிமிர்வது) என்று ஒவ்வொன்றுக்கும் மூன்று, மொத்தம் ஒன்பது முயற்சி. ஒன்றில் மூன்றும் தவறினால் மொத்தமே கிடையாது, மற்ற ஆறையும் தூக்கினாலும் வெளியே. அதனால் முதல் எடை, தூக்கமில்லாத நாளிலும் தூக்கக்கூடியதாக இருக்க வேண்டும். அன்றைக்கு எதிர்பார்க்கும் மூன்றாம் எடையில் 90 முதல் 92 வீதம், இரண்டாவது 96 அளவில். டெட்லிஃப்ட்டில் 250 குறி என்றால் 227.5, 240, 250. தவறுகிறவர்கள் பெரும்பாலும் பயிற்சிக்கூடத்தில் ஒரே ஒரு முறை தூக்கினதையே முதல் எடையாகக் கொடுத்தவர்கள்.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 73 கிலோ பிரிவில் சீனாவின் ஷி ஜியோங்கைப் பாருங்கள். ஸ்நட்ச்சில் 165. கிளீன் அன்ட் ஜேர்க்கில் 191, மூன்று தடவையும் தவறி, மொத்தமே இல்லாமல் போனார். டோக்கியோவில் 198 தூக்கின மனிதர். 191 என்பது அதில் 96 வீதத்துக்கு மேல். முதல் எடைக்கு அது கூட.

தூக்குமேடை:
பவர்லிஃப்டிங் கணக்கைக் கொண்டுவந்து பளுதூக்கலில் ஒட்டாதீர்கள். உங்களுக்குச் சாதாரணமாக 2.5 கிலோப் படி, எங்களுக்கு 1 கிலோப் படி. உங்களிடம் முறை வரிசை சுற்றுச் சுற்றாக வரும், எங்களிடம் கம்பியின் எடைதான் வரிசையை ஆளும். ஷி ஏற்கெனவே காயத்தோடு வந்தவர். தங்கம் வேண்டுமானால் 180இல் தொடங்கி என்ன பயன்? அந்தப் போட்டியில் இந்தோனேசியாவின் ரிஸ்கி ஜூனியன்ஷா 199 தூக்கினார். 155ம் 199ம், மொத்தம் 354.

பவர்லிஃப்டர் 93:
180 என்று நான் எழுதவேயில்லை. எழுதாததை என் தலையில் கட்ட வேண்டாம்.

தூக்குமேடை:
92 வீதம் என்றீர்கள். 198இல் 92 வீதம் 182. கணக்குப் பாருங்கள்.

பவர்லிஃப்டர் 93:
அன்றைக்கு எதிர்பார்க்கும் மூன்றாம் எடையில் 92 என்றுதான் எழுதினேன், மூன்று வருடத்துக்கு முந்திய சாதனையில் என்று எழுதவில்லை. இந்த மேடைக்காரர் பவர்லிஃப்டிங் என்றாலே மூக்கைச் சுளிக்கிறவர், போன மாதத்து டெட்லிஃப்ட் திரியிலும் இதே கதைதான். 2016இல் பிரித்தானிய வலுவீரர் எடி ஹோல் டெட்லிஃப்ட்டில் 500 கிலோ இழுத்ததை ஒரு வரியில் தூக்கியெறிந்தார்.

வெள்ளவத்தை ஆலோசகர்:
பயிற்சிக்கே வருவோம். பல்கேரியப் பளுதூக்கல் பயிற்றுவிப்பாளர் இவான் அபாஜியெவ் தன் வீரர்களை ஒவ்வொரு நாளும் உச்ச எடைக்குப் போக வைத்தார், உலகத்தையே ஆண்டார். தொழில்முனைவோரும் நாள்தோறும் உச்சத்தில் உழைக்கத்தானே வேண்டும்?

தூக்குமேடை:
ஒரு பதிவில் சின்ன அடி, அடுத்த பதிவில் நாள்தோறும் உச்சம்! எதில் நிற்கிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள்.

அபாஜியெவ் முறையில் நாள்தோறும் போவது அந்த நாளின் உச்சத்துக்கு, வாழ்நாள் சாதனைக்கு அல்ல. உடம்பு சோர்ந்த நாளில் அந்த எடை இறங்கும். அந்த முறையின் மற்றப் பக்கத்தையும் சொல்லுங்கள். 1988 சியோலில் இரண்டு பல்கேரியர்களின் தங்கம் ஊக்கமருந்துச் சோதனையில் பறிபோய், அணியே வீடு திரும்பியது. 2000 சிட்னியில் மூன்று பதக்கங்கள். மருந்து ஃபியூரோசமைட், நீரை இறக்கி மற்ற மருந்தை மறைக்கிற சரக்கு. 1988இல் 152.5ம் 190ம் தூக்கின நயிம் சுலைமானோக்லு அந்தப் பட்டறையில் உருவானவர்தான், ஆனால் 1986இலேயே துருக்கிக்கு ஓடிவிட்டார்.

எந்தக் கனத்தில் எத்தனை தூக்கு என்று சொல்லும் சோவியத்தின் பிரிலெப்பின் அட்டவணையை எடுத்துப் பாருங்கள். வீரரின் உச்ச எடையில் 70 முதல் 80 வீதம் என்றால் ஒரு பயிற்சிக்கு 12 முதல் 24 தூக்கு. 90 வீதத்துக்கு மேலே 4 முதல் 10 தூக்குத்தான். கனம் கூடக் கூட எண்ணிக்கை இறங்குகிறது. போட்டிக்கு முந்திய வாரத்தில் எடையை வைத்துக்கொண்டு எண்ணிக்கையைப் பாதியாக்குவார்கள், உடம்பு அப்போதுதான் ஏறி வரும். வருட இறுதி விற்பனை முடிந்தவுடன் ஜனவரியிலேயே புதிய கிளைக்கு ஓடுகிற முதலாளி, போட்டி முடிந்த அடுத்த நாள் 100 வீதத்துக்குப் போகிற வீரர் மாதிரித்தான். கையில் காசும் இல்லை, ஆட்களும் களைத்திருப்பார்கள்.

கணக்கு வழக்கு:
காசு என்று வந்ததால் எழுதுகிறேன். நாலு பேரை ஆளுக்கு 50,000க்கு எடுத்தால் சம்பளம் 200,000 மட்டுமில்லை. ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி பங்கு 12 வீதம், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதம், அதாவது இன்னும் 30,000. கிளையின் செலவு மாதம் 230,000இல் தொடங்குகிறது, வாடகையும் மின்சாரமும் வெளியே. அடுத்தது நாட்கணக்கு. சரக்கு விற்று முடிய 45 நாள், வாடிக்கையாளர் கடன் 30 நாள், மொத்த வியாபாரி தருவது 30 நாள் என்றால் 45 நாள் சொந்தக் காசில் ஓட வேண்டும். இரண்டாம் கிளை வந்தால் அந்த 45 நாளும் இரண்டு மடங்குச் சரக்குக்கு. பின்திகதிச் செக் திரும்புவது இங்கேதான் ஆரம்பிக்கும். 2022 ஏப்ரலில் மத்திய வங்கி ஒரே நாளில் வட்டியை 7 சதவீதப் புள்ளி கூட்டியபோது, மிகைப்பற்றில் ஓடின கடைகள் எந்த எடையைக் கேட்டன என்று எல்லோருக்கும் தெரியும்.

வெள்ளவத்தை ஆலோசகர்:
கணக்கு வழக்கு என் பக்கம்தான் பேசுகிறார். சின்ன அடி. 136.

கணக்கு வழக்கு:
நான் யார் பக்கமும் இல்லை. 45 நாள் காசு கையில் இருந்தால் பெரிய அடியும் வைக்கலாம் என்பதுதான் அதன் பொருள். என் எண்களை உங்கள் பேச்சாளருக்குத் தோரணமாகக் கட்டாதீர்கள்.

தூக்குமேடை:
நன்றி. இப்போது ஒருவரும் தொடாத விஷயம். மேடையில் எடையைத் தீர்மானிப்பது தூக்குகிறவர் இல்லை, பயிற்றுவிப்பாளர். உள்ளே வீரர் சூடேற்றிக்கொண்டிருப்பார். வெளியே பயிற்றுவிப்பாளர் எதிராளிகள் கேட்ட எடைகள் எழுதிய அட்டையைப் பார்த்து, எத்தனை முயற்சிக்குப் பிறகு தன் ஆளின் முறை வரும் என்று எண்ணுவார். மேடையில் மூன்று முயற்சி நடந்தால் உள்ளே ஒரு சூடேற்றத் தூக்கு, ஏறத்தாழ அதுதான் அளவு. எதிராளி எடையை மாற்றினால் அந்த எண்ணிக்கை குலையும், வீரர் குளிர்ந்துபோவார். ஒரு முயற்சிக்கு இரண்டு தடவைதான் எடையை மாற்றலாம், அதுவும் கடைசி 30 வினாடி மணிக்கு முன். அந்த இரண்டு மாற்றத்தையும் எதிராளியைக் காத்திருக்க வைக்கப் பாவிப்பவர்கள் உண்டு.

கொழும்புக் கடைகளில் விலை போடுகிறவர், சரக்கு எடுக்கிறவர், செக் எழுதுகிறவர், கோபத்தில் எதிர்க்கடைக்குப் பதிலடி கொடுக்கிறவர் எல்லாம் ஒரே முதலாளி. தூக்குகிற கை எடையைத் தீர்மானிக்கக் கூடாது. விலை மாற்றத்துக்கு முன் அட்டையைப் பார்த்து "வேண்டாம்" சொல்லும் அதிகாரம் ஒருவருக்கு எழுத்தில் இருக்க வேண்டும். அது மச்சானாக இருக்கக் கூடாது.

புறக்கோட்டை நானா:
மச்சான வேணாம் எண்டது ஏன்? எங்கட பக்கத்துல மச்சான் இல்லாம ஒரு கடையும் ஓடல்ல. வெளி ஆளுக்குக் கல்லாப்பெட்டி கணக்கு யாரு காட்டுவா?

தூக்குமேடை:
கல்லாப்பெட்டி காட்டாத ஆளிடம் எடை கேட்க முடியாது நானா. உங்கள் மீது எனக்கு மரியாதை உண்டு, ஆனால் இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

புறக்கோட்டை நானா:
விட்டுக் கொடுக்கச் சொல்லி ஒருத்தரும் கேக்கல்ல. குடும்பத்துக்கு வெளில நம்பிக்கை வைக்கச் சொல்றவங்க, ஆள் காசோட போனா வந்து நிக்கப் போறதில்ல.

கொட்டாஞ்சேனைத் தம்பி:
இசுரு குமாரவைப் பற்றி இன்னும் ஒருவரும் எழுதவில்லை.

பவர்லிஃப்டர் 93:
எழுதமாட்டார்கள் தம்பி. இங்கே 143க்கு மட்டும்தான் இடம்.

வெள்ளவத்தை ஆலோசகர்:
பயிற்றுவிப்பாளர்தான் எடையைத் தீர்மானிக்கிறார் என்றால் 139ஐயும் அவர்தானே தீர்மானித்தார்? அப்போது பிழை அவருடையது. பேச்சாளர் ஆளை மாற்றிச் சொல்லியிருக்கலாம், பாடம் அதேதான். முழங்கை போனது 139இல்.

தூக்குமேடை:
136க்கு 143. 139க்கு 146. எந்தத் தாளிலும் எழுதிக் கூட்டிப் பாருங்கள். அந்தப் பேச்சாளரையும் இங்கே அழைத்து வாருங்கள், அவருக்கும் எழுதிக் காட்டுகிறேன்.

வெள்ளவத்தை ஆலோசகர்:
அவர் வருவார். வரும்போது 249ஐயும் 248ஐயும் கொண்டு வருவார்.