4,500 ரூபாய் சைக்கிள் திருட்டு: எஃப்.ஐ.ஆர். உண்டா, சி.எஸ்.ஆர். மட்டும்தானா?

தெருமுனை:
கடை வாசலில் நிறுத்திய பழைய சைக்கிள் களவு போனால், "ஐயாயிரத்துக்குக் கீழே" என்று சொல்லி சி.எஸ்.ஆர். ரசீதோடு (வழக்கு பதியாமல், புகார் வந்ததற்குத் தரும் ரசீது) அனுப்பிவிடலாமா? லலிதா குமாரி வழக்கில் எஃப்.ஐ.ஆர். கட்டாயம் என்று 2013-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதே?

வக்காலத்து:
அந்தத் தீர்ப்பு காக்னிசபிள் குற்றத்துக்கு, அதாவது மாஜிஸ்திரேட் உத்தரவில்லாமலே போலீஸ் விசாரிக்கக்கூடிய குற்றத்துக்கு. பழைய ஐ.பி.சி. 379-ல் கோழி திருட்டும் காக்னிசபிளாத்தான் இருந்தது. 2024 ஜூலை 1 முதல் கதை வேற. பொருள் 5,000 ரூபாய்க்குக் குறைவு, முதல் முறை தண்டனை, பொருளையோ மதிப்பையோ திருப்பிக் கொடுத்தாச்சு என்றால் ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த பி.என்.எஸ். 303(2)-ல் சமூக சேவைதான் தண்டனை. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-ன் முதல் அட்டவணை இதை நான்-காக்னிசபிள் ஆக்கிவிட்டது. 174-வது பிரிவுப்படி சாரத்தைப் பதிவேட்டில் எழுதிக்கொண்டு உங்களை மாஜிஸ்திரேட்டிடம் அனுப்புவார்கள். அவர் உத்தரவில்லாமல் விசாரிக்க முடியாது.

ரைட்டர் மேசை (போலீஸ் ஸ்டேஷன் எழுத்தர்):
சட்டம் சரிதான் சார். ஆனா ஆள் யாருன்னே தெரியாதப்போ முதல் தண்டனையா இல்லையான்னு எப்படி முடிவு பண்றது? பொருளும் திரும்ப வரலை. 303(2)-ன் பொது விதியில், மூன்று ஆண்டு வரை தண்டனை உள்ள பகுதியில், எஃப்.ஐ.ஆர். போட இடம் இருக்கு. போடாமல் விடவும் சாக்கு இருக்கு. ஸ்டேஷன் அதிகாரியின் விருப்பம் நுழையுற சந்து இதுதான்.

இடமும் முக்கியம். கட்டடத்துக்குள்ளே, அதாவது வீட்டிலோ கடையிலோ இருந்து எடுத்தால் பி.என்.எஸ். 305. ஏழு ஆண்டு வரை, மதிப்புக் கணக்கே கிடையாது. பஸ்ஸில் வைத்த பொருளும் அதே. பிடுங்கிட்டு ஓடினால் 304. உங்க சைக்கிள் வாசலில் நின்றதால் 303. ஒரு படிக்கட்டு வித்தியாசம்!

தெருமுனை:
14 நாள் விசாரிச்சுட்டுதான் எஃப்.ஐ.ஆர். என்றும் சொல்கிறார்களே?

வக்காலத்து:
அது பி.என்.எஸ்.எஸ். 173(3). மூன்று ஆண்டும் அதற்கு மேலும், ஆனால் ஏழுக்குக் குறைவாகவும் தண்டனை உள்ள குற்றத்துக்கு; டி.எஸ்.பி.யின் முன் அனுமதி வேணும். அனுமதி வாங்கியாச்சான்னு கேளுங்க.

புகாரில் மதிப்பை நீங்களே எழுதுங்க: பில் நகல், ஃபிரேம் எண், பூட்டு, கேரியர் எல்லாம் சேர்த்து. விட்டால் "பழசு, மூவாயிரம்" என்று அங்கேயே எழுதிக்கொள்வார்கள். கூட்டியும் எழுதாதீங்க, பில்லைப் பார்த்தால் தெரிந்துவிடும். காக்னிசபிள் புகாரைப் பதிய மறுத்தால் 173(4)-ன்படி எஸ்.பி.க்குத் தபால், அதற்கும் பலனில்லை என்றால் பிரமாணப் பத்திரத்தோடு மாஜிஸ்திரேட். நான்-காக்னிசபிள் என்றே எழுதிவிட்டால் எஸ்.பி.யிடம் அலையாமல் நேரே 174(2) உத்தரவு கேட்டு மனு போடுங்க.