செஞ்சிக் கோட்டை: ராஜகிரி, கிருஷ்ணகிரி ரெண்டும் ஒரே நாளில் முடியுமா?

தாம்பரத்தான்:
சென்னையிலிருந்து பஸ்ஸில் போய் அன்னைக்கே திரும்புறதா திட்டம். கூட அப்பா வர்றார். 64 வயசு, முட்டி வலி உண்டு. எந்த மலையை முதல்ல ஏறணும்? அப்பாவைக் கூட்டிட்டு ஏறலாமா?

கல்லும்_சுண்ணாம்பும்:
ராஜகிரிதான் முதல்ல. சுமார் 800 அடி, ஆயிரத்துக்கு மேல படி. காலை 9 மணிக்குத் திறந்ததுமே ஏறத் தொடங்கிடுங்க. வெயில் ஏறிட்டா கருங்கல் சுட ஆரம்பிக்கும், அப்புறம் ஒவ்வொரு வளைவிலும் உட்காரத் தோணும். ஏற ஒன்றரை மணி நேரம், இறங்க ஒரு மணி நேரம் வைங்க. ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர் கீழேயே வாங்கிடணும். படிகள் ஒரே அளவில் இருக்காது, இறங்கும்போதுதான் முட்டியைப் பதம் பார்க்கும். அதனால அப்பா ஏற வேண்டாம்.

உச்சிக்குச் சற்றுக் கீழே ஒரு பாறைப் பிளவு, அதுக்கு மேல சின்னப் பாலம். போர்க்காலத்தில் அந்தப் பாலத்தை எடுத்துட்டா மேல இருக்கிறவனை யாரும் தொட முடியாது. மராத்திய மன்னர் ராஜாராம் (சிவாஜியின் மகன்) உள்ளே இருந்தப்போ முகலாயப் படையின் முற்றுகை 1690லிருந்து 1698 வரை இழுபட்டதுக்கு இந்த அமைப்பும் ஒரு காரணம். (முகலாயத் தளபதி சுல்ஃபிகர் கானே வேணும்னு இழுத்தடிச்சார்னும் சொல்வாங்க, அது தனிக் கதை.)

ஆனைக்குளம்:
அப்பாவுக்குக் கீழ்க்கோட்டையிலேயே அரை நாள் போயிடும். கல்யாண மகால், நெற்களஞ்சியம், குளம் எல்லாம் சமதளத்தில்தான். வெங்கடரமணர் கோயிலையும் விடாதீங்க. புதுச்சேரி கடற்கரையில் காந்தி சிலையைச் சுத்தி நிக்கிற கல்தூண்கள் செஞ்சியிலிருந்து போனவை.

பாலிதீன் கவரைக் கையில் தொங்கவிட்டா குரங்கு பிடுங்கிடும், உள்ளே எதுவும் இல்லைன்னாலும். ஜிப் வச்ச முதுகுப் பைதான் சரி.

கிழக்குவாசல்:
சென்னையிலிருந்து அன்னைக்கே போய் ரெண்டு மலையும்னா நடக்காது. சுமார் 160 கிலோமீட்டர், பஸ்ஸில் நாலு மணி நேரம் ஆகும். பிற்பகலில் ஒரு நேரத்துக்கு மேல ராஜகிரியில ஏற விடமாட்டாங்க, 5 மணிக்குக் கோட்டையை மூடிடுவாங்க. முந்தின ராத்திரி திண்டிவனத்திலோ திருவண்ணாமலையிலோ தங்குங்க. ஆனா பௌர்ணமியான்னு காலண்டரைப் பாத்துடுங்க. கிரிவலக் கூட்டத்தில் திருவண்ணாமலையில் ரூமும் கிடைக்காது, பஸ்ஸில் நிக்கவும் இடம் இருக்காது.

திருவண்ணாமலை பஸ்ஸுன்னா செஞ்சி வழியான்னு கேட்டு ஏறுங்க. கோட்டை, செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்கு மேற்கே ரெண்டு கிலோமீட்டர், ஆட்டோ கிடைக்கும். கிருஷ்ணகிரி மலை இருக்கிறது ரோட்டுக்கு அந்தப் பக்கம், உயரம் கம்மி. டிக்கெட்டைத் தூக்கிப் போட்டுடாதீங்க, அங்கேயும் கேப்பாங்க.